காய்ந்த கண்ணில் கொட்டிய தண்ணீர்

பிப்ரவரி 9: 500
பிப்ரவரி 9: 140
ஜூன் 4: 700
ஜூன் 4: 85

முதல் தொகை இருதய டாக்டருக்கு; இரண்டாவது, அவர் எழுதித் தந்த கொழுப்பு மாத்திரைக்கு. மூன்றாவது கண் டாக்டருக்கு. நான்காவது, சொட்டு மருந்துக்கு. முதல் இரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் உறவு உண்டா என்பதுதான் எடைக்காரரின் தலையைக் குடைந்த கேள்வி.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகம் அவருக்கு. அதனால் ஊருக்கே எடைக்காரர். அவருடைய அண்ணன் ஐம்பத்தாறு வயதில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துபோனவர். எடைக்காரருக்கும் இப்போது ஐம்பத்தாறு. ஆகவே மறுபேச்சில்லாமல் மாத்திரையை விழுங்கினார். மூன்று மாதத்தில் கண் மணல் போட்டதுபோல் உறுத்தியது. தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"என்ன சார், நம்ம தராசப் பாத்தாலே அழுவுறீங்க?" என்றார் இரும்புக் கடைக்காரர். "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"கண்ணுய்யா, கண்ணு! வாய மூடிட்டுக் கல்லைத் தூக்கி வை."

ஆனால் தராசின் ஒற்றை முள் இரண்டாகத் தெரிந்தது. எதற்கென்று முத்திரை வைப்பது?

கண் டாக்டர் அம்மாள் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு காஞ்சு போயிருக்கு" என்றார்.

"காஞ்சா? குடம் குடமா கொட்டுதேம்மா!"

"இமை ஓரத்துல எண்ணெய்ச் சுரப்பிங்க வரிசையா இருக்கு. அந்த எண்ணெய்தான் கண்ணீருக்கு மூடி மாதிரி. உங்களுக்கு அது கெட்டியாகி அடைச்சிருக்கு. மூடி இல்லாததால ஈரம் ஆவியாயிடுது, கண்ணு உறுத்துது. உறுத்துறதாலதான் தண்ணி கொட்டுது."

"கொழுப்பு மாத்திரையாலயா?"

"இருக்கலாம். கொழுப்பாலயே இருக்கலாம். வயசாலயும் இருக்கலாம். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, இருதய டாக்டரக் கேளுங்க."

காலையும் மாலையும் இமைக்கு வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இருதய டாக்டரோ, "மாத்திரைய விடாதீங்க, கண்ணப் பத்திக் கண் டாக்டரக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

தட்டில் ஒரு கல்லை மாற்றினால் அதன் கதை தெரியும்வரை அடுத்த கல்லைத் தொடாத மனிதர் அவர். தன் கண் விஷயத்தில் மட்டும் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினார். ஒத்தடம் தொடங்கிய அன்றே மாத்திரையை விழுங்குவதுபோல் பாவனை காட்டி, பால்கனி ரோஜாத் தொட்டிக்குள் போட்டார்.

ஜூலை நடுவில் கண் தெளிந்தது. முள் ஒன்றானது. ஆனால் படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அண்ணனின் பித்தான் போடாத சட்டை நினைவில் வந்தது. பொறுக்க முடியாமல் மனைவியிடம் கொட்டிவிட்டார்.

"மாத்திரதான்டி காரணம். நிறுத்தினேன், கண்ணு சரியாயிடுச்சு. இப்ப நெஞ்சுதான் பயமா இருக்கு."

"நீங்க எங்கங்க நிறுத்தினீங்க?"

"தினமும் தொட்டியில போட்டேனே!"

"மொத நாளே பாத்துட்டேன். கேட்டா வள்ளுனு விழுவீங்க. அதான் தினமும் ராத்திரிப் பால்ல ஒரு மாத்திரையப் பொடிச்சுக் கலந்தேன்."

"அடிப்பாவி! அப்ப கண்ணு எப்படிச் சரியாச்சு?"

"துணியாலதான்."

"ஒருநாளும் விடாமயா கலந்த?"

"தங்கச்சி வீட்டுக்குப் போனேனே, அந்த வாரம் மட்டும் இல்ல."

எடைக்காரர் துள்ளி எழுந்தார். "அந்த வாரந்தானே கண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு!"

"அந்த வாரம் நீங்க வேலைக்கே போகல. கால நீட்டிப் படுத்திருக்கேன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க."

துள்ளி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி இரண்டு டாக்டர்களுக்கும் அனுப்பினார். ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்லிப் பதில் போட்டார், மற்றவரும் அப்படியே. விடாமல் மறுபடி எழுதினார். இம்முறை இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருந்தார்கள். மாத்திரையால் வந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாகவே சொல்கின்றன. இரத்தத்தில் கொழுப்பு இறங்கியிருக்கிறது, மாத்திரையை விட வேண்டாம். ஒத்தடத்தையும் விட வேண்டாம்.

"ஆமாங்கிறாங்களா, இல்லைங்கிறாங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டு தட்டும் சமமா நிக்குதுங்கிறாங்க."

அன்று மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார். பிறகு பாலை அவளிடமே நகர்த்தி, "மொதல்ல நீ குடி" என்றார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் செப்டம்பர் 18.