முதல் பந்தியில் உட்கார ஆளில்லை

எனக்கு எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது, சில இடங்களில் முன்னது பின்னதாகப் போயிருக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்த சமயம். காஜா பேராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரோடு இருந்தோம். நாடு விடுதலையான அதே சமயத்தில் எங்கள் சபைக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் கப்பலேறிப் போனார். அவர் இருந்தவரை சபையில் யார் பெரியவர் என்ற கேள்வியே கிடையாது. அவர் பெரியவர், மற்ற எல்லாரும் சமம். அவர் போன பிறகுதான், சமமாக இருப்பது யாருக்குமே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

முக்கியமாக இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் கவர்மெண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இன்னொருவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வேதபாடம் வாசிப்பது யார், முன் பெஞ்சில் உட்காருவது யார் என்று எல்லாவற்றிலும் போட்டி. அசனத்தில்தான் அது முற்றியது. கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தைத்தான் அசனம் என்போம். முதல் பந்தியில் பெரிய மனிதர்கள், அடுத்த பந்தியில் மற்றவர்கள். சமைத்த பெண்கள் கடைசியாக அடுப்படியிலேயே குந்தி, அண்டாவில் சுரண்டியதைச் சாப்பிடுவோம். ஒரு கிறிஸ்துமஸ் அசனத்தில் கிராணி இலையில் முதலில் சோறு விழுந்துவிட்டது. வாத்தியார் எழுந்து போய்விட்டார். அவர் மனைவியும் பின்னாலேயே போகவேண்டியதாயிற்று. பாவம், அந்த அம்மா வாசல் தாண்டும்வரை ஆட்டுக்கறியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் இந்தியாவிலிருந்து ஒரு போதகர் வந்தார். இளவயது, மெல்லிய குரல். தன்னைவிட மற்றவனை மேலாக நினைக்கவேண்டும், பெரியவனாக விரும்புகிறவன் முதலில் பணிவிடை செய்யவேண்டும் என்று வாராவாரம் பிரசங்கம் பண்ணினார். சபையாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாசலில் கிராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா உறைக்கிற மாதிரி சொன்னீங்கய்யா. அந்த வாத்தியாருக்கு வேணும்!" என்றார். கொஞ்சம் பொறுத்து வாத்தியார் வந்து கிராணியைப் பற்றி அதையே சொன்னார்.

"உங்களுக்கும் சேர்த்துத்தாங்கய்யா சொன்னேன்" என்றார் போதகர், இரண்டு பேரிடமும்.

அது வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. இப்போது தாழ்மையில் போட்டி வந்துவிட்டது. கோயில் வாசலில், "நீங்க மொதல்ல போங்க", "ஐயோ, நீங்க போங்க" என்று இருவரும் நிற்பார்கள். பின்னால் நாங்கள் மழையில் நனைந்துகொண்டிருப்போம். முன் பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, எல்லாரும் கடைசிப் பெஞ்சில் நெருக்கியடித்தோம். அந்த மெல்லிய குரல்காரர் கத்திக் கத்திப் பிரசங்கம் பண்ணித் தொண்டை கட்டிப்போனார்.

இப்படியிருக்கும்போது அறுப்புப் பண்டிகை அசனம் வந்தது. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில், நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சமையலுக்கு மாமியார்தான் தலைவி. விடியும் முன்னே கொஞ்சம் கோப்பி குடித்துவிட்டு வந்தவள், வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, அடுப்பு ஊதிக்கொண்டு நின்றேன். கறி கொதிக்கும் வாசனை வந்ததும் என் வயிற்றில் இருந்தது திரும்பிப் படுத்தது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஓர் இலைச் சோறு, அதுவும் சூடாக. வேறு எந்த ஆசீர்வாதமும் வேண்டியிருக்கவில்லை.

மாமியாரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "அத்தே, ஒரு வாய் சாப்புட்டுக்கட்டா?"

"எல்லாரும் சாப்புட்ட பெறகுதான். புள்ளத்தாச்சிக்குன்னு தனிச் சட்டமா? நாங்கல்லாம் பெக்கலியா?"

சரி, இரண்டு பந்தி முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. யாரும் உட்காரவில்லை. கிராணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தார். "இன்னைக்கு நான்தான் பரிமாறுவேன். வாத்தியார் உக்காருங்க."

வாத்தியார் சோற்றுக்கூடையைப் பிடுங்கிக்கொண்டார். "அதெப்படி? நீங்க உக்காருங்க, நான் போடறேன்."

அவர்களைப் பார்த்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரசர் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கினார். கடைக்காரர் அப்பளத் தட்டை எடுத்தார். ஆண்கள் எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. இலை முன்னால் மட்டும் ஒருவரும் இல்லை. பெண்கள் பக்கம் அதைவிட மோசம். பட்டுப்புடவை சரசரக்க வாத்தியார் மனைவி பருப்பு வாளியை ஏந்தி, "அக்கா, நீங்க உக்காருங்க" என்றார். கிராணி மனைவி, "நான் கடைசிப் பந்திதான். எனக்கு அதான் இஷ்டம்" என்றார்.

"கடைசிப் பந்தி நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்க்கா!"

அடுப்படியில் நின்ற மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "காலம்பூரா நம்ம எடம் அது. இப்ப அதையும் புடுங்க வந்துட்டாளுங்க பாரு."

போதகர் அங்குமிங்கும் நடந்து, "யாராவது உக்காருங்களேன்" என்று கெஞ்சினார். "ஐயா, நீங்க உக்காருங்க" என்றார்கள். பிரசங்கம் பண்ணினவர் எப்படி உட்காருவார்? அவரும் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

எங்களுக்கு அண்டா இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான். "அப்பா பாசால்? நாசி சுடா செஜோக்!" என்றார். என்ன சங்கதி, சோறு ஆறிப்போச்சே என்று அர்த்தம். அங்கே அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

அடுப்படிப் பெண்கள் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மரியாதை செய்வதற்கும் தகுந்த ஆள் வேண்டுமே. கரிபிடித்த கையோடு நிற்கிறவளுக்குச் செய்தால் யார் பார்த்து மெச்சுவார்கள்?

கறி வாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் மாமியார். தூக்கிக்கொண்டு பந்திக்குள் போனேன். நடுவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியைக் கீழே வைத்தேன், பக்கத்தில் இருந்த இலை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது ஆண்கள் வரிசையில் முதல் இலை. கிராணியும் வாத்தியாரும் அத்தனை காலம் சண்டை போட்டார்களே, அதே இடம்.

"அடியே! எங்க உக்காந்திருக்க!" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தக் கோயிலில் ஆமென் தவிர நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அன்றைக்குத்தான்.

"பசிக்குது" என்றேன்.

அவ்வளவுதான். சாப்பிட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த கரண்டிகள் எல்லாம் என் இலைக்கு ஓடிவந்தன. கிராணி சோறு போட்டார். "நான் இன்னும் வைக்கவே இல்லையே" என்று வாத்தியாரும் போட்டார். பருப்பு, கறி, அதன்மேல் திரும்பவும் பருப்பு. போதகர் உப்பை இரண்டு தரம் வைத்தார். போதும் என்று சொல்ல எனக்கு வெட்கம். மலைபோல் குவிந்த சோற்றுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். மாமியார் வந்து ஓர் அப்பளத்தை என் சோற்றில் நொறுக்கிப் போட்டு, "தின்னு. மானம் போனது போச்சு, சோறாவது தின்னு" என்று முணுமுணுத்தார். அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "நீங்களும் உக்காருங்கத்தே." என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து அடுப்படிப் பெண்கள் எல்லாரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பிறகு மற்றவர்களும் மளமளவென்று உட்கார்ந்தார்கள். முதலில் உட்காருவதுதான் கௌரவக் குறைச்சல், அடுத்தாற்போல் உட்கார எல்லாருக்கும் சம்மதம். கறி தீர்ந்தபோது அடுப்படியில் ஆளில்லை. கிராணி எழுந்து போய்ச் சட்டியை வெறுங்கையால் பிடித்துச் சுட்டுக்கொண்டார். "இதையா நீங்கல்லாம் எப்பவும் தூக்குறீங்க?" என்று என் மாமியாரிடம் கேட்டார். அன்றைக்கு நான் பார்த்த உண்மையான பணிவிடை அது ஒன்றுதான். அதுவும் பசியினால் வந்தது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், மரியாதையைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்ட ஒரு சகோதரி என்று என்னைப் பற்றிச் சொன்னார் போதகர். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குத் தாழ்மை ஒன்றும் இல்லை, பசிதான். அவ்வளவோடு விட்டிருக்கலாம். சபை அதை வழக்கமாக்கிவிட்டது: அசனத்தில் முதல் இலை பிள்ளைத்தாய்ச்சிக்கு, பக்கத்து இலைகள் சமைத்தவர்களுக்கு. ஒரு தரம் சபையில் யாருமே முழுகாமல் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களைக் கொஞ்சம் குறையாகப் பார்த்தார்கள். இன்னொரு தரம் கிராணி வீட்டு மருமகளும் வாத்தியார் வீட்டு மருமகளும் சேர்ந்தாற்போல் மாசமாக இருந்தார்கள். "எங்க புள்ளைக்குத்தான் மாசம் கூட" என்று ஒரு வீடு. "எங்க புள்ளைக்கு வயிறு பெருசு" என்று இன்னொரு வீடு. அந்தப் பெண்கள் இருவரும் அதற்குள் அடுப்படிப் பெண்களோடு உட்கார்ந்து பாதி இலையை முடித்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்தது அறுப்புப் பண்டிகையில் என்றுதான் நினைவு. மெர்டேக்கா ஸ்தோத்திர ஆராதனையில் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சிட்டி அம்மா சொன்ன மலாயும் சரியாக எழுதினேனா தெரியவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் பார்த்துத் திருத்திவிடுங்கள்.