செயின் பிளாக்கில் தொங்கிய முதலாளி

ஐந்தாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்தவன் நான். ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குச் சங்கிலி மாட்டும் கலாசி வேலை. அங்கிருந்து சொந்தமாக மூன்று கிரேன், திருவொற்றியூரில் ஷெட், பின்னாலேயே வீடு, லண்டன் முதியோர் இல்லத்தில் நர்ஸாக ஒரு மகள்... யார் தயவும் இல்லாமல் உண்டாக்கினேன். எண்ணூர்ப் பக்கம் யானை யானையாய் பாய்லர்களைத் தூக்கி வைத்தவை என் கிரேன்கள். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரியும் — மறுபடி சொல்வதில் எனக்குச் சலிப்பில்லை!

அப்பேர்ப்பட்டவன், ஒரு வருஷமாக என் மனைவி சரோஜாவைக் கட்டிலில் ஒரு தடவைகூடப் புரட்டிப் போட்டதில்லை.

பக்கவாதம். இடப்பக்கம் அசையாது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும் என்று மகள் செல்வி, போன் கார்டு தீரும்வரை எச்சரிப்பாள். புரட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் தேசம்மாதான். எண்ணூர் குப்பத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருப்பவள். போன வாரம் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"வேற ஆளப் பாத்துக்க மொதலாளி. என்னால தூக்க முடியல."

அவள் போய்விட்டால் சரோஜாவின் முதுகு என்ன ஆகும்? மூளை ஓடியது. ஷெட்டிலிருந்து செயின் பிளாக்கை எடுத்துவந்தேன் — கைச்சங்கிலியை இழுத்தால் டன் கணக்கில் தூக்கும் கப்பி. கூரையின் இரும்பு கர்டரில் மாட்டினேன். லாரித் தார்ப்பாயைத் தூளி போலத் தைத்து நாலு மூலையிலும் பெல்ட் கோத்தேன்.

சரோஜா அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது? நான் இன்னா கப்பல்ல வந்த சரக்கா?"

"ரெண்டு டன் தாங்கும் சரோ."

"அப்போ நீ மொதல்ல தொங்கு. அப்பால நான் ஏறுறேன்."

இத்தனை வருஷத்தில் எந்தச் சரக்கும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை! கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு தார்ப்பாயில் படுத்தேன். தேசம்மா இழுத்தாள் — ஒரே கையால், இடுப்பு வளையாமல். நாலடி உயரம். கம்பீரமாகத்தான் இருந்தது.

"போதும், எறக்கு."

சங்கிலியை விட்டாள். விட்டால் அப்படியே நிற்பதுதான் செயின் பிளாக்கின் விசேஷம்.

"ஞாயித்துக்கெழம லீவு வோணும் மொதலாளி."

"இப்பவா கேக்குற?"

"கீழ கீறப்போ கேட்டா உனக்குக் காதுல ஏறாது. எங்கம்மா ஆறு மாசமா படுத்துகினு கீது. அண்ணி மீன் விக்கப் போயிட்டா பக்கத்து வூட்டுக்காரிதான் திருப்பிப் போடுது. நான் ஒரு நாளாச்சும் போவ வேணாமா?"

அந்தரத்தில் தொங்கினால் உலகம் நன்றாகத் தெரிகிறது. லண்டனில் யாரையோ பெற்றவளை என் மகள் புரட்டுகிறாள். என் மகளைப் பெற்றவளைத் தேசம்மா புரட்டுகிறாள். தேசம்மாவைப் பெற்றவளைப் பக்கத்து வீட்டுக்காரி... லண்டன், லண்டன் என்று ஊரெல்லாம் சொன்ன நான், இந்த வரிசையின் கடைசியில் யார் படுத்திருக்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

"அன்னிக்கு சரோவ யாரு பாக்குறது?" என்றேன்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "மேல தொங்கிகினு கீறியே, நீதான்! கை இன்னா அடகுலயா கீது?"

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் இறக்கினாள்.

போன ஞாயிறு தேசம்மா எண்ணூருக்குப் போனாள். நான் சங்கிலி இழுத்தேன். "மெல்லய்யா, நான் பாய்லர் இல்ல!" என்று மேலே போனாள் சரோஜா. விரிப்பு மாற்றினேன். இறக்கிப் புரட்டி, முதுகு துடைத்துப் பவுடர் போட்டேன். பவுடர் ஜாஸ்தி என்றாள், கை முரடு என்றாள், அடுத்த வாரம் நகத்தை வெட்டிக்கொண்டு வா என்றாள். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை — என் நகம் பட்ட இடம் தவிர.

மறுநாள் செல்வி போன் செய்தாள். சரோஜா என்ன சொன்னாளோ, ஏது சொன்னாளோ...

"அப்பா! எங்க ஹோம்லகூட அதே மாதிரி மெஷின்தான். தேசம்மாக்காவுக்கு இன்னா மூளப்பா!"

செல்வி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். மெஷினைத் தேசம்மா பேரிலேயே வைத்துக்கொள், வழக்குக்கு வரமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது — அதை என் பேரில்தான் சொல்ல வேண்டும்!