மேலே பூத்த வெள்ளை

அந்தக் கண்ணாடித் தட்டை அவர் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். அவர் எங்கள் ஆய்வக உதவியாளர். என் வயதுதான், எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். தட்டில் இருந்தவை சட்டைப் பொத்தான் அளவு வில்லைகள். நீரை உறிஞ்சி வீங்கும் ஹைட்ரோஜெல்லில் கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றி, அடுப்பில் உலர்த்தியிருந்தோம். புண்ணில் வைத்தால் மூன்று நாள் மருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கசிய வேண்டும். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற என் அப்பா எட்டயபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அது வெறும் ஆராய்ச்சி அல்ல.

ஆனால் முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மருந்து வெளியே கொட்டிவிடும். ஜெல்லின் மூலக்கூறுப் பின்னலை இறுக்கினேன். வேறு பாலிமர் கலந்தேன். மாதக்கணக்கில் அதே முடிவு. தலைப்பை மாற்றிவிடலாம் என்றார் என் முனைவர் பட்ட நெறியாளர்.

அப்போதுதான் உதவியாளர் கூப்பிட்டார். “மேடம், இங்கன பாருங்க. வில்லை மேல வெள்ளையாப் பூத்திருக்கு. எங்க கிணத்துத் தண்ணி பாஞ்ச கரிசல் காஞ்சா, உப்பு இப்படித்தான் மேல வந்து நிக்கும். ஈரம் போகும்போது மருந்தையும் இழுத்துட்டு வருதோ?”

பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சுரண்டிச் சோதித்தேன். மருந்துதான். பின்னலில் குறையில்லை, உலர்த்திய முறைதான் தப்பு. அடுத்த முறை, மருந்து நகராதபடி வில்லைகளை முதலில் உறையவைத்து, பிறகு ஈரத்தை எடுத்தோம். அந்த முதல் மணி நேரக் கொட்டல் அடங்கியது. அவர் சிரிக்கவில்லை. “இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார். இரண்டு தடவையும் அப்படியே வந்தது.

கட்டுரையில் அவர் பெயருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதும் என்றார் நெறியாளர். “கண்டுபிடிச்சது அவிய சார். அவிய பேர் இல்லாம என் பேரும் வேண்டாம்” என்றேன். சரி, ஆசிரியர் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார் நெறியாளர்.

அப்பாவின் புண் தினமும் கட்டு மாற்றியே ஆறிவிட்டது. எங்கள் வில்லை இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டுரை அச்சாகி வந்த அன்று அவர் தன் பெயர்மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு பக்கத்தைத் திருப்பி, வரைபடத்தில் விரலை ஊன்றினார்.

“எம் பேரு இருக்கட்டும் மேடம். மூணாம் நாள் மருந்து கசியாம கோடு படுத்துருச்சு பாருங்க. இதுக்கு என்ன செய்யப் போறோம்?”