பவுடருக்குள் உட்கார்ந்திருந்த நீலம்

2003-ஆம் வருடம். பெங்களூரில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு. தினக்கூலி. வீடு ஜோகுபாளையத்தில். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது.

அங்கே ஓசூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சாயப்பட்டறைத் தண்ணீரில் இருக்கும் கலரை வெறும் வெளிச்சத்தை வைத்து அழிக்க வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைப் பவுடர் இருக்கிறது, டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டில் போடுவார்களாம். ஆனால் வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டால்தான் அது வேலை செய்யும். சாதாரண வெளிச்சத்துக்கும் வேலை செய்யட்டும் என்று என்னென்னவோ சேர்த்துச் சுட்டு, இளமஞ்சளாக ஒரு பவுடர் செய்திருந்தாள். இரண்டு வருடப் பாடு.

நீலச் சாயத் தண்ணீரில் அந்தப் பவுடரைப் போட்டு, விளக்கு முன்னால் வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்பாள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வெளுத்துவிடும். தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, கலர் எவ்வளவு மிச்சம் என்று மெஷினில் பார்ப்பாள். அடியில் தங்கிய பவுடரோடு பீக்கர் என்னிடம் வரும்.

கலர் போய்விட்டது என்று லேபே கொண்டாடியது. அவளுடைய சார் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார். மறுவாரம் டில்லியில் பெரிய கூட்டம். அங்கே அவள் இதைச் சொல்லப் போகிறாள்.

எனக்கு உறுத்தியது. மஞ்சளாகப் போகிற பவுடர் பச்சையாக வந்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போகாது. கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் நீலமாக ஒழுகும். என் நகக்கண்ணெல்லாம் நீலம். சாயம் அழிந்திருந்தால் இது எங்கிருந்து வருகிறது?

சொல்லப் பயம். ஸ்பிரிட் என்பது ஸ்டோரில் பூட்டி வைக்கிற சரக்கு. சீட்டு இல்லாமல் சொட்டு கிடைக்காது. மாணவர்கள் மேசையில் மிச்சம் விட்டதை நான் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் வேலை போய்விடும். ஸ்டோர்காரரிடம் மட்டும், பவுடரில் கலர் மிச்சமிருக்கிறதே என்று கேட்டேன்.

"உனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? கழுவுறது உன் வேல. டாக்டர் பட்டம் உனுக்கா குடுக்கப் போறாங்க?" என்றார்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண், டில்லிக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று என்னிடம் கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கழுவாத பீக்கர் ஒன்றை அவள் முன்னால் வைத்தேன். என் பாட்டிலை எடுத்து ஊற்றிக் கலக்கினேன். நீலம் எழுந்து வந்தது.

"எத்தன நாளா இப்பிடி வருதுக்கா?"

"மொதல்லருந்தே வருதும்மா."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"இது திருட்டு ஸ்பிரிட்டும்மா."

சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

சாரைக் கூப்பிட்டு வந்தாள். "யாரு ஹேளித்து?" என்றார் கன்னடத்தில். யார் சொன்னது என்று கேட்கிறார். அவள் என்னைக் காட்டினாள். பாட்டிலை மறைக்க நேரமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சார் பீக்கரைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். நேராக ஸ்டோருக்குப் போனார். அவரே சீட்டு எழுதி, ஒரு முழு பாட்டில் ஸ்பிரிட் வாங்கி வந்து நான் கழுவும் தொட்டிப் பக்கத்தில் வைத்தார். ஸ்டோர்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

அவள் டில்லிக்குப் போகவில்லை.

பவுடர் சாயத்தை அழிக்கவில்லை, குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவள் எனக்கு விளக்கினாள். அதற்குப் பிறகு முறையை மாற்றினாள். முதலில் இருட்டில் வைத்துக் கலக்குவாள், பவுடர் குடிக்கிற வரை குடிக்கட்டும் என்று. அப்புறம்தான் விளக்கு. கடைசியில் பவுடர் என் கைக்கு வரும். நான் ஸ்பிரிட் ஊற்றிப் பார்ப்பேன். "வந்துச்சும்மா" என்பேன். எழுதிக்கொள்வாள். வேறு பவுடர் செய்வாள். எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு மத்தியானம், மஞ்சளாகப் போன பவுடர் மஞ்சளாகவே வந்தது. ஸ்பிரிட் ஊற்றினேன். குடிதண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. நம்பாமல் மறுபடி ஊற்றினேன். விரலால் தேய்த்தேன். நகம் சுத்தம்.

"வர்லம்மா" என்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சார் அந்த ஸ்பிரிட்டை மெஷினிலும் வைத்துப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினார்.

சாயங்காலம் ஸ்டோர்காரர் டீ கொண்டுவந்தார். "டாக்டரம்மா, சக்கர போதுமா?" என்றார். போதும் என்றேன்.

அவள் நோட்டை ஒருநாள் பிரித்துக் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டு, அதன் தலையில் தமிழில் 'அக்கா பார்த்தது' என்று எழுதியிருந்தது.

அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். நான் அதே தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு வந்த பிள்ளைகள் பீக்கரை வைத்துவிட்டுப் போகவில்லை. "அக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று பக்கத்தில் நின்றார்கள். நான் சொல்லும்வரை அவர்கள் பேசாமல் நின்றதை நினைத்தால், இன்றும் என் முதுகு தானாக நிமிர்கிறது.