தேடச் சொன்ன அக்கா

எலும்பு முறிந்தால் பெரிதாகச் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஆவடிப் பக்கம் ஒரு மருத்துவமனை வாசலில் அக்காவின் தோளில் லத்தி இறங்கியபோது, காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ஒரு சத்தம்தான் வந்தது. அவள் அலறவில்லை. காவலரின் சட்டையைப் பிடித்திருந்த கையையும் எடுக்கவில்லை.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல. அண்ணனூர்க்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. அவளுடைய மூத்தவனை அது ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர்கள் சொன்னபோது அவள் என்னிடம் கேட்டாள்: "மருந்து இல்லன்றாங்களே, யார்னா தேடுனாங்களா தம்பி?" அந்தக் கேள்வியோடுதான் எங்கள் அலைச்சல் தொடங்கியது. ஆராய்ச்சிக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று, எங்களைப் போன்ற சில பெற்றோர் சேர்ந்து கோட்டைக்கு நடையாய் நடந்தோம். பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அதனால்தான், அமைச்சர் அந்த மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறக்க வந்த அன்று பிள்ளைகளை வீல்சேரில் உட்காரவைத்து வாசலில் நின்றோம். கார்கள் வருகிற நேரம் போலீஸ் எங்களை நெட்டித் தள்ளியது. அக்கா மகனின் நாற்காலி கவிழ்ந்தது. கையை ஊன்றக்கூட வலுவில்லாத பிள்ளை, முகம் தரையில் மோத விழுந்தான். முன்பற்கள் உடைந்து வாயெல்லாம் ரத்தம். தள்ளிய காவலரை அக்கா கன்னத்தில் அறைந்தாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பின்னாலிருந்து லத்தி விழுந்தது. எலும்பு முறிந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தது. தடுக்கப் போன என் மூக்குக்கண்ணாடி நொறுங்கிப் புருவம் கிழிந்தது. தலைமுடியைப் பிடித்து அவளை வேனுக்கு இழுத்துப் போனார்கள். அமைச்சரின் கார் நிற்காமல் உள்ளே போனது.

யாரோ எடுத்த வீடியோ பரவியதால் கோட்டையிலிருந்து எங்களை அழைத்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இந்த நோய் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வருதும்மா," என்றார். தோளில் கட்டோடு அக்கா எழுந்து நின்றாள்.

"சார், என் எலும்ப ஒடச்சீங்க. எக்ஸ்ரே புட்சாங்க, கட்டு போட்டாங்க, கூடிகினு வருது. எப்டி? எவனோ எப்பவோ குந்தி இதுக்கு வழி கண்டுபுட்ச்சி வெச்சான். என் புள்ளைக்கும் அப்டி ஒருத்தனக் குந்த வெய்யுங்க. வேற இன்னா கேட்டேன் நானு?"

அவர் எதையோ கோப்பில் எழுதிக்கொண்டார். சில மாதங்களில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆய்வகத்துக்கு நிதி வந்தது. அக்காவின் கை மட்டும் பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை. வேலை போனது. காவலரை அடித்ததாக அவள்மீது போட்ட வழக்குக்கு இன்றும் வாய்தாவுக்குப் போய்வருகிறாள். நான் என் மகனை அந்த ஆய்வகத்துக்கு அழைத்துப் போகிறேன். மருந்து இன்னும் வரவில்லை.

ஆய்வகம் தொடங்கிய வருடம் மழைக்காலச் சளியில் அவள் மகன் மூச்சுத் திணறி இறந்துபோனான். ஆராய்ச்சிக்கு அவன் தசையில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க வந்த இளம் டாக்டர், ஒப்புதல் படிவத்தைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அக்காவே போர்வையை விலக்கிக் கொடுத்தாள்.

"எட்துக்க கண்ணு. மெள்ள எடு. ரொம்ப அடி வாங்குன ஒடம்பு."