வெள்ளை விழி

அலுவலகத்தில் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு கடைக்கு வரப்போகும் செல்போன் கேமராவுக்கு எது நல்ல படம் என்று சொல்லிக்கொடுக்கும் எட்டுப் பேரில் அவள் ஒருத்தி. ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர், ஆளுக்கொரு திரை. ஒரே முகம் இரண்டு விதமாக வரும்; பிடித்த பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நாளொன்றுக்கு நானூறு இணைகள். பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதைக் கேமரா கற்றுக்கொள்ளும். அவள் தீர்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை பெரும்பான்மையோடு ஒத்துப்போயிருந்தது. ஆறு ஆண்டுப் பதிவேட்டில் வேறு எவருக்கும் அந்த எண் இல்லை.

சென்ற ஆண்டின் பெரிய வேலை கண். மங்கிய விழியை வெள்ளையாக்கிய படம் ஒரு பக்கம், எடுத்தது எடுத்தபடி மறுபக்கம். மூன்று வாரமும் அவள் கை வெள்ளையின் பக்கமே போனது. மற்றவர்கள் கையும் அப்படித்தான். அந்தக் கேமரா வந்த போனைத்தான், ஊழியர் சலுகையில் வாங்கி, வெளியூரில் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள்.

மார்ச் நான்காம் தேதி அண்ணன் கூப்பிட்டான்.

“பாப்பா, அம்மா கண்ணு மஞ்சளா இருக்குன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது.”

“எந்த ரூம்ல பார்த்தே?”

“அவங்க ரூம்லதான்.”

“அங்க இருக்கிறது மஞ்ச பல்பு. போட்டோ எடுத்து அனுப்பு.”

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். விழி வெள்ளை வெளேரென்று இருந்தது.

“சுத்தமா இருக்குண்ணே. சும்மா கிலி பிடிச்சு அலையாத.”

“இல்லடி, நேர்ல பார்த்தா...”

“நான் சோறு திங்கிறதே இந்தப் பார்வையிலதான்.”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “அவதான் பார்த்துட்டாள்ல, விடுடா. எனக்கு ஒண்ணுமில்ல.”

அடுத்தடுத்துப் பதினொரு படங்கள் வந்தன. பதினொன்றிலும் வெள்ளை. இருபத்தேழாம் தேதி, உண்டதெல்லாம் வாந்தியாகி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு மஞ்சளாகிற வரைக்கும் வீட்டுல யாருமே பார்க்கலையா?” என்றார். பித்தக்குழாயில் அடைப்பு. மூன்று வாரம் முன்பே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும். இப்போது கல்லீரலும் கெட்டிருந்தது. மஞ்சள் இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும்.

ஐந்து நாள் அம்மாவின் கட்டிலருகே இருந்துவிட்டு, விடுப்பு தீர்ந்ததும் திரும்பினாள். வழியில் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றாள். ருசி தெரியவில்லை.

அலுவலகத்தில் அடுத்த கேமராவின் வேலை தொடங்கியிருந்தது. இனிமேல் இருட்டிலும் வியர்வையிலும் காய்ச்சலிலும்கூட முகம் பளிச்சென்று இருக்குமாம். பதினேழாவது இணையில் கண் வந்தது. மங்கிய பக்கத்தை அழுத்தினாள். அதற்குப் பின் வந்த கண்களுக்கும் அப்படியே. கோபமெல்லாம் இல்லை. விரல் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

அவளைவிட வயதில் சிறியவனான மேற்பார்வையாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“என்ன தராசக்கா, முள்ளு கோணிக்கிச்சா? இன்னிக்குக் கண்ணு படத்துல மத்தவங்களோட நீங்க ஒத்துப்போனது பன்னெண்டு பர்சென்ட். இப்படியே போனா மெஷினே உங்க ஓட்டைக் கழிச்சிடும்.”

“மஞ்சளா இருந்தா மஞ்சளாக் காட்டட்டும்.”

“மஞ்சக் கண்ணோட யாருக்கா போட்டோ எடுத்து வச்சுக்குவாங்க? ஜனங்களுக்கு வெள்ளைதானே பிடிக்குது. போன வருஷம் எங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா” என்றாள். அவன் போன பிறகும் மங்கிய பக்கத்தையே அழுத்தினாள். நான்கு மணிக்குத் திரையின் மூலையில் அவள் ஊழியர் எண் அணைந்துபோனது. அவளுடைய அன்றைய தீர்ப்பு எதையும் கேமரா கற்றுக்கொள்ளாது.

ஐந்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

“நாளைக்கு ஆபரேஷன் பண்ணலாமான்னு யோசிக்கிறாங்க. இரு, அம்மா கண்ணைப் போட்டோ எடுத்து...”

“வேண்டாம்ண்ணே. நீ பார்த்துச் சொல்லு.”

“எனக்கென்னடி தெரியும்?”

“அம்மாவை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லு. பார்த்ததை அப்படியே சொல்லு.”

கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

“மஞ்சள்தான்” என்றான். “நேத்து இருந்த அதே மஞ்சள்தான், பாப்பா.”

“சரி. காலையில எழுந்ததும் திரும்பப் பாரு.”