பெட்டி சொன்னால் கேட்கவேண்டும்

யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். எங்கே செல் விழுந்து வெடிக்கிறது, எந்தப் பாதை பூட்டு, எப்போது ஊரடங்கு என்று அந்தப் பெட்டிதான் சொல்லும். என் மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சொல்லிச் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: ரேடியோ சொன்னால் கேள்வி கேட்காமல் செய்யவேண்டும். அப்படித்தான் உயிர் தப்பினோம்.

அவளுக்கு ஆறு வயதானபோது, அவளுடைய அப்பாவை ஊரில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கொழும்புக்கு வந்தோம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் ஓர் அறை. வீட்டுக்கார அன்ரி நல்ல மனுஷி. பின்னேரங்களில் தன் ஹோலில் இருந்து ரீவி பார்க்க மகளை விடுவார். கார்ட்டூனுக்கு நடுவே, தகரப் பேணியில் அடைத்த சொக்லேட் மா ஒன்றின் விளம்பரம் வரும். அதைக் கரைத்துக் குடித்த பையன் பனைபோல வளர்வான். குடிக்காதவன் ஓட்டப்போட்டியில் மூச்சு வாங்கி நிற்பான். பிறகு சிவப்புச் சோடா, பிறகு கிறீம் பிஸ்கட்.

ஒரு வாரத்தில் பிள்ளை புட்டைத் தள்ளிவைத்தாள். கஞ்சியைத் தொடவேயில்லை. ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அதட்டினேன். விம்மத் தொடங்கினாள்.

"அது குடிக்காட்டி வளரமாட்டமாம் அம்மா. ரீவியிலை சொல்லிப்போட்டினம். நீங்கள் ஏன் கேக்கிறியள் இல்லை?"

ஆசை இல்லை, பயம். ஊரடங்கு என்றதும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்த அதே முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்லுக்குத் தப்பவென்று நான் பழக்கியதை, சீனி விற்கிறவன் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டான்!

அன்று பின்னேரம் நானும் ரீவிக்கு முன்னால் போய்க் குந்தினேன். பேணி வந்ததும், "பொய்!" என்றேன் உரக்க.

மகள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஆர் சொன்னது பொய் எண்டு?"

"நான் சொல்லுறன். உன்ரை அப்பா கூழ் குடிச்சுத்தான் ஆறடி வளந்தவர்."

சோடாவுக்கும் சொன்னேன். பிஸ்கட் வந்தபோது அவளும் மெதுவாகச் சேர்ந்தாள்.

"என்ன பிள்ளை, ரீவியோடை சண்டை பிடிக்கிறீர்?" என்று அன்ரி சிரித்தார்.

"ஆரும் திருப்பிக் கதைக்காட்டி அது கண்டதையும் சொல்லும் அன்ரி."

அடுத்த நாள் காலை புட்டு உள்ளே போனது, முட்டைப் பொரியலோடு. அதன்பிறகு பின்னேரம்தோறும் எங்களுக்கு இதுதான் வேலை.

ஒருநாள் கார்ட்டூன் முடிந்து செய்தி தொடங்கியது. அன்ரியைப் பார்க்க வந்த இரண்டு பேர் ஹோலில் இருந்தார்கள். அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. வடக்கில் மக்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்கள், ஒரு குறையும் இல்லை என்று ரீவியில் வாசித்தார்கள். அவளுடைய அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் வராத காலம் அது.

"பொய்!" என்றாள் மகள், கணீரென்று.

வந்திருந்த இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் கொழும்பில் அந்த ஒரு சொல்லுக்காக ஆளைத் தேடிப் பொலிஸ் வரும். என் கை தானாக அவள் வாயைப் பொத்தப் போனது. சரியாகத்தானே சொன்னேன் என்பதுபோல் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையை எடுத்து அவள் தலையில் வைத்தேன்.

"ஓம் குஞ்சு, பொய்தான்" என்றேன், எல்லோருக்கும் கேட்க.